காயம் எப்படி ஆறுது, புரோட்டீன் அதில என்ன செய்யுது: எங்கட பக்கத்து ஆக்கள் கேக்கிற கேள்விகள்

மருந்து கட்டுற ரூமில வேலை செய்யிற ஆள் எண்டு தெரிஞ்சாப் போதும், கலியாண வீட்டிலயும் கேப்பாங்க, பஸ்ஸிலயும் கேப்பாங்க, காலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலயும் அனுப்புவாங்க. வாழைச்சேனையில இருந்து வந்தாலும் அக்கரைப்பற்றில இருந்து வந்தாலும் கேள்வி எல்லாம் ஏறக்குறைய ஒண்டுதான், அதனால ஒரே இடத்தில எழுதி வெச்சிட்டன். முதலே ஒண்டு சொல்லிடுறன், காயத்தை ஆத்துறது நாங்க பூசுற மருந்து இல்ல, உங்கட உடம்பு செய்யிற புரோட்டீன்தான். நாங்க கழுவுறதும் கட்டுறதும் அந்த வேலைக்கு இடைஞ்சல் வராமப் பாத்துக்கிறது மட்டும்தான்.

கேள்வி: காயம் தானாத்தானே ஆறுது, இதில புரோட்டீனுக்கு என்ன வேலை?

தானா ஆறுது எண்டு நாம சொல்ற அந்த வேலை முழுக்கப் புரோட்டீன்தான் செய்யுது. புரோட்டீன் எண்டா இறைச்சி, முட்டை மட்டும் எண்டு நினைக்காதீங்க, உடம்புக்குள்ள ஆயிரக்கணக்கான வகை இருக்கு, ரத்தத்தை உறைய வைக்கிறது ஒண்டு, கிருமியைப் பிடிக்கச் செல்களைக் கூப்பிடுறது ஒண்டு, செத்த சதையை வெட்டி எடுக்கிறது ஒண்டு, புதுச் சதையா மாறுறது இன்னொண்டு. படிக்கிற பிள்ளைகளுக்கு நாலு கட்டம் எண்டு சொல்லிக் குடுப்பாங்க, ரத்தம் நிக்கிறது, வீங்குறது, புதுச் சதை வளர்றது, தழும்பு இறுகுறது. பரீட்சைக்கு அது சரி. நேரில பாத்தா அப்பிடி வரிசையா நடக்காது, ஒரே காயத்தில ஒரு ஓரம் மூடிக்கொண்டு வரும், நடுவில இன்னும் மஞ்சளாக் கிடக்கும்.

கேள்வி: வயல் வட்டைக்க தாக்கத்தி பட்டா கொஞ்ச நேரத்தில ரத்தம் நிக்குது, சில ஆக்களுக்கு நிக்கவே இல்லையே, ஏன்?

ரத்தத்தில பைப்ரினோஜன் எண்டு ஒரு புரோட்டீன் எப்பவும் கரைஞ்சு ஓடிக்கொண்டே இருக்கு, கல்லீரல்தான் அதைச் செய்யுது. குழாய் வெட்டுப்பட்டதும் முதல்ல பிளேட்லெட் எண்டுற சின்ன ரத்தத் துணுக்குகள் ஓடி வந்து வெட்டின இடத்தில வெளியில தெரியிற கொலாஜன் எண்ட புரோட்டீனில ஒட்டும், அதே நேரம் திராம்பின் எண்டு இன்னொரு புரோட்டீன் எழும்பி பைப்ரினோஜனில ஒரு துண்டை நறுக்கி விடும், நறுக்கினதும் அது கரையாத நூலா மாறி ஒண்டோட ஒண்டு பின்னிக்கொள்ளும், அந்த நூல்தான் பைப்ரின். அதுக்குள்ள சிவப்பணு எல்லாம் மாட்டி இறுகினதுதான் நீங்க காணுற கட்டி ரத்தம், காஞ்சா பொருக்கு. அதனாலதான் துணியை வெச்சு அழுத்திப் பிடிக்கச் சொல்றது, பத்து நிமிசம் எடுக்காம அழுத்தணும், நிண்டுட்டா எண்டு நிமிசத்துக்கு ஒருக்காத் தூக்கிப் பாத்தா பின்னின நூல் எல்லாம் பிய்ஞ்சு போகும்.

நிக்காத ஆக்களில கனபேர் இதய வருத்தத்துக்கு அஸ்பிரின், குளோபிடோகிரெல் போடுற ஆக்கள், பிளேட்லெட் ஒட்டுறதை அது குறைச்சிடும். வார்பரின் போடுற ஆக்களுக்கு உறைய வைக்கிற புரோட்டீன்கள் சில ஒழுங்காச் செய்யப்படாது. அதுக்காக மருந்தை நீங்களா நிப்பாட்டிட வேணாம், காயத்துக்கு வரும்போது என்ன மருந்து போடுறீங்க எண்டு சொன்னாப் போதும்.

அட்டை கடிச்சாலும் இதே கதைதான். வரம்பில நடந்துட்டு வந்து பாத்தா கெண்டைக் காலில ரத்தம் கோடு கோடா வடியும், அட்டை விழுந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும், ஏனெண்டா அதிண்ட எச்சில்லயும் ஒரு புரோட்டீன் இருக்கு, மருத்துவ அட்டையில இருந்து எடுத்ததுக்குப் பேர் ஹிருடின், அது திராம்பினைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். அட்டைக் கடிக்குப் பயப்பட ஒண்டும் இல்ல, கழுவிட்டு அழுத்துங்க. புடையன், அதான் கண்ணாடி விரியன், அதுக்குத்தான் பயப்படணும், அதிண்ட விசத்தில இருக்கிற புரோட்டீன் ரத்தத்தை உள்ளுக்கே உறைய வெச்சு பைப்ரினோஜனை முழுக்கச் செலவழிச்சிடும், பொறவு உறைய வைக்க ஒண்டும் மிச்சமிராது, முரசில கூட ரத்தம் வரும். ஆசுபத்திரியில சின்னக் கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிசம் ஆட்டாம வெச்சுச் சரிச்சுப் பாக்கிறது இதுக்குத்தான். பாம்பு கடிச்சா வெட்டுறது, உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேணாம், 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்க.

கேள்வி: மூண்டாம் நாள் சிவந்து வீங்கிக் கிடக்கு, அன்டிபயோட்டிக் போடணுமா?

எல்லா வீக்கமும் கிருமி இல்ல. பிளேட்லெட் உடையும்போது அதுக்குள்ள இருந்து கூப்பிடு புரோட்டீன் கொஞ்சம் வெளியில வரும், பிடிஜிஎப், டிஜிஎப் பீட்டா எண்டெல்லாம் பேர், அந்தச் சத்தம் கேட்டு சில மணித்தியாலத்துக்குள்ள வெள்ளையணு வரும், ரெண்டு மூண்டு நாளில மாக்ரோபேஜ் எண்டுற பெரிய செல் வந்து செத்ததுகளைத் தின்னத் தொடங்கும். இந்த நேரத்தில கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் சூடு, கொஞ்சம் வீக்கம் இருந்தே ஆகணும். தெளிஞ்ச மஞ்சள் தண்ணி கசியிறதும் சீழ் இல்ல. நாளுக்கு நாள் அது குறைஞ்சு வந்தா நல்லம். கூடிக்கொண்டு போனா, சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவினா, நாத்தம் வந்தா, நோவு விட்டுத் திரும்ப வந்தா, காய்ச்சல் அடிச்சா, அது கிருமி, அப்ப வாங்க. பாமசியில போய் ரெண்டு கப்சூல் தாங்க எண்டு வாங்கிப் போட்டு, நோ விட்டதும் மிச்சத்தை அலுமாரியில வைக்கிற பழக்கம் எங்கட பக்கத்தில கனக்க இருக்கு, தயவு செஞ்சு அதை விடுங்க.

கேள்வி: காயத்தைக் காய விடணுமா, மூடி வைக்கணுமா? எங்கட அம்மா காத்துப் பட விடச் சொல்றா.

அம்மாமார் எல்லாரும் அதான் சொல்வாங்க, 1962 வரைக்கும் டொக்டர்மாரும் கனபேர் அதைத்தான் சொன்னாங்க. அந்த வருசம் ஜோர்ஜ் விண்டர் எண்டு இங்கிலாந்தில ஒருத்தர் பண்டிக் குட்டியிண்ட தோலில சின்னச் சின்னக் காயம் போட்டு, சிலதைத் திறந்து விட்டு, சிலதை மெல்லிய பொலித்தீனால மூடிப் பாத்தார், மூடின காயத்தில புதுத் தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்தில மூடிச்சு. காரணம் என்னெண்டா ஓரத்தில இருக்கிற தோல் செல் நடுவுக்கு ஊர்ந்துதான் வரணும், ஊர்றதுக்கு ஈரமான தரை வேணும், அந்தத் தரையைப் பிடிச்சு இழுக்கிறதுக்கு இன்டெக்ரின் எண்டு ஒரு பிடி புரோட்டீன் அதுக்கு இருக்கு. பொருக்குக் காஞ்சு இறுகிக் கிடந்தா செல் மேலால வர ஏலாது, அடியால துளைச்சுக்கொண்டு போகணும், அப்ப எம்எம்பி எண்டுற வெட்டுப் புரோட்டீனைக் கூடுதலா விட்டு வழி வெட்டணும், நேரம் போகும்.

ஈரம் எண்டா தண்ணி ஊறி வெளுக்கிற அளவு இல்ல. லேசான ஈரம். சின்னக் காயமெண்டா ஓடுற தண்ணியில கழுவி, கொஞ்சம் வசிலின் தடவி, மேல பிளாஸ்டர் போட்டாப் போதும். சில ஆக்கள் காஞ்ச கோஸை அப்பிடியே காயத்தில வெச்சுக் கட்டிக்கொண்டு வருவாங்க, அதை இழுத்து எடுக்கும்போது கோஸிண்ட அடியில மெல்லிய ரோசாப்பூ நிறத்தில ஒரு படை ஒட்டிக்கொண்டு வரும், மனிசர் கத்துவார். அந்தப் படை அழுக்கு இல்ல, நாலஞ்சு நாளா உடம்பு கட்டின புதுத் தோல். அதாலதான் நான் சேலைன் ஊத்தி ஊற வெச்சு எடுக்கிறது, கொஞ்சம் சுணங்கும், பின்னால நிக்கிற ஆக்கள் முணுமுணுப்பாங்க, பரவாயில்ல.

கேள்வி: எல்லா இடத்திலயும் கொலாஜன் கொலாஜன் எண்டுறாங்களே, அது என்ன?

உடம்பில இருக்கிற புரோட்டீனில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு கொலாஜன்தான், தோலுக்கு உரம் குடுக்கிறது அது. மூண்டு புரி முறுக்கின தும்புக் கயிறு எப்பிடி இருக்கும், அதே மாதிரித்தான் கொலாஜனும், மூண்டு சங்கிலி ஒண்டை ஒண்டு சுத்தி இறுகிக் கிடக்கும். இதைக் கண்டு பிடிச்சதில பெரிய பங்கு சென்னைப் பல்கலைக்கழகத்தில இருந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கும் கோபிநாத் கர்த்தாவுக்கும், 1954இல நேச்சர் சஞ்சிகையில வந்தது, கங்காரு வாலில இருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்ரே வெச்சுப் பாத்துத்தான் கணிச்சாங்க. ஏஎல் பயோ படிக்கிற பிள்ளைகள் இந்தப் பேரை மறக்க வேணாம், எங்கட பாசை பேசுற ஊரில நடந்த வேலை.

காயத்தில நாலஞ்சாம் நாளில இருந்து பைப்ரோபிளாஸ்ட் எண்டுற செல் கொலாஜனை ஊத்தத் தொடங்கும். முதல்ல வாறது மூண்டாம் வகை, மெல்லிசு, அவசரத்துக்குப் போடுறது. கூடவே விஇஜிஎப் எண்டுற புரோட்டீன் கூப்பிட்டு புது ரத்தக் குழாய் முளைக்கும், அப்ப காயத்திண்ட அடி சிவப்பா, சின்னச் சின்னக் குருணல் குருணலா, ஈரமா மினுங்கும், பஞ்சு பட்டாலே ரத்தம் பொசியும். பாத்துப் பயந்து வாற ஆக்கள் கனபேர், ஆனா எங்களுக்கு அதைக் கண்டா சந்தோசம், அந்தச் சிவப்பு வந்துட்டா காயம் ஆறும். பொறவு மாசக் கணக்கில அந்த மூண்டாம் வகையை வெட்டி எடுத்துட்டு முதலாம் வகைத் தடிச்ச கொலாஜனைப் போடும். மேல மூடினதும் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சு மூட்டை தூக்கப் போறாங்க, மூண்டாம் கிழமையில பழைய தோலிண்ட உரத்தில அஞ்சில ஒரு பங்குதான் வந்திருக்கும், ஒரு வருசம் போனாலும் எழுபது எண்பது வீதத்துக்கு மேல வராது. சீசர் செஞ்சு பிள்ளை பெத்த ஆக்களைப் பாரம் தூக்க வேணாம் எண்டு சொல்றது சும்மா இல்ல.

இந்தக் கயிறு இறுகணுமெண்டா விட்டமின் சி வேணும், இல்லாட்டி சங்கிலி ஒண்டோட ஒண்டு பிடிக்காது. 1740களில அன்சன் எண்ட இங்கிலீஷ் கப்பல் தளபதியோட உலகம் சுத்திப் போன ஒரு கிழவருக்கு, அதுக்கு 50 வருசத்துக்கு முதல், 1690இல அயர்லாந்துச் சண்டையில பட்ட காயம், எப்பவோ ஆறின காயம், விட்டமின் சி காணாம வாற ஸ்கேர்வி வருத்தம் வந்ததும் திரும்பத் திறந்துட்டு எண்டு அந்தப் பயணக் குறிப்பில இருக்கு. தழும்பில இருக்கிற கொலாஜனையும் உடம்பு எப்பவும் கழட்டிக் கழட்டிப் புதுசு போட்டுக்கொண்டே இருக்கு, புதுசு போடுறது நிண்டா பழசு விட்டுடும். நமக்கு ஸ்கேர்வி வாற அளவு பஞ்சமில்ல, வளவில கொய்யா நிக்கும், தோடம்பழத்தை விட அதில கனக்க விட்டமின் சி இருக்கு, நெல்லிக்காய் இருக்கு, தேசிக்காய் இருக்கு.

கேள்வி: மிஸ், காயம் இருக்கக்க மீன், முட்டை, இறால் சாப்பிட்டா கிரந்தி எண்டு வீட்டில தாறாங்க இல்ல. சரியா?

இதுக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைச்சன். எங்கட பக்கத்தில காயம் பட்டாலோ ஒப்பரேஷன் செஞ்சாலோ முதல் வேலை சாப்பாட்டை வெட்டுறதுதான், கடியும் தடிப்பும் தாற சாப்பாட்டைத்தான் கிரந்தி எண்டுறது, சூரை கிரந்தி, நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, முட்டை சூடு, கத்தரிக்காய் கடி, கடைசியில ஆளுக்கு மிஞ்சுறது சோறும் ரசமும் பப்படமும். ரெண்டு கிழமை அப்பிடிச் சாப்பிட்டுட்டு வந்து காயம் ஏன் ஆறுதில்ல எண்டு கேப்பாங்க. கொலாஜன் செய்யிறதுக்கும், வெள்ளையணு செய்யிறதுக்கும், மேலே சொன்ன பைப்ரின் நூல், இன்டெக்ரின் பிடி எல்லாம் செய்யிறதுக்கும் உடம்புக்கு அமினோ அமிலம் வேணும், அது வாறது நீங்க வெட்டின அந்தச் சாப்பாட்டில இருந்துதான். வெளியில இருந்து வராட்டி உடம்பு தன்ட தசையைக் கரைச்சு எடுக்கும், வயசான ஆக்களுக்கு அதுவும் இல்ல.

பெரியாக்கள் சொன்னது முழுக்கப் பிழை எண்டும் நான் சொல்லல்ல. சூரை, கும்பளா மாதிரி மீனைப் பிடிச்சு ஐஸ் போடாம வெயிலில வெச்சிருந்தா அதில ஹிஸ்டமின் எண்டு ஒண்டு கூடிடும், சமைச்சாலும் போகாது, சாப்பிட்டா முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடிக்கும், தடிக்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில சூரை சாப்பிட்டுக் கடி எடுத்த ஆள் கிரந்தி எண்டுதான் சொல்லியிருப்பார், அவர் கண்டதைத்தான் சொன்னார். அதே மாதிரி இறால், நண்டுக்கு உண்மையிலயே அலர்ஜி உள்ள ஆக்களும் இருக்கிறாங்க. உங்களுக்கு முன்ன எப்பவாவது அப்பிடி வந்திருந்தா சாப்பிட வேணாம், காயம் இருந்தாலும் இல்லாட்டியும் வேணாம். வராத ஆக்கள் புது மீனாப் பாத்து நல்லாச் சாப்பிடுங்க. புள்ளப் பெத்தவளுக்கு பால்சுறாவில புட்டு அவிச்சுக் குடுக்கிற ஊர் இது, அது எவ்வளவு நல்ல யோசனை, புரோட்டீன் நிறைஞ்ச சாப்பாடு. காயக்காரருக்கு மட்டும் ஏன் மீனை மறைக்கிறீங்க?

மாமியார் விடமாட்டா எண்டு சில பிள்ளைகள் சொல்லும். மாமியோட சண்டை பிடிக்க வேணாம், அடுத்த முறை மருந்து கட்ட வரும்போது அவவையும் கூட்டி வாங்க மகள், நான் சொல்றன்.

கேள்வி: அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடணும்?

சாதாரண வளர்ந்த ஆளுக்கு உடம்பு நிறையில கிலோவுக்கு 0.8 கிராம் புரோட்டீன் போதும். படுக்கைப் புண் மாதிரிப் பெரிய புண் உள்ள ஆக்களுக்கு கிலோவுக்கு 1.25 இல இருந்து 1.5 கிராம் வரை சொல்றது. 60 கிலோ ஆளெண்டா 75 இல இருந்து 90 கிராம். ஒரு கோழி முட்டையில ஆறு கிராம், 100 கிராம் மீனில ஏறக்குறைய இருபது, ஆக முட்டை ரெண்டு, மத்தியானம் நல்ல மீன் துண்டு, ராவைக்கு இன்னொண்டு, நடுவில கடலை, பயறு, பருப்பு, ஒரு கோப்பை எருமைத் தயிர், கணக்கு வந்திடும். மட்டக்களப்புத் தயிரைக் கொழும்பில இருந்து வந்து வாங்கிக்கொண்டு போறாங்க, நாம காயத்துக்கு ஆகாது எண்டு தள்ளி வைக்கிறம். பருப்பைத் தண்ணியா ஆக்கி மேல ஊத்தினா கணக்கில சேராது, கொஞ்சம் தடிப்பா ஆக்குங்க. கருவாடு நல்லதுதான், ஆனா உப்புக் கூட, பிறஷர் உள்ள ஆக்கள் அளவாப் பாருங்க. சோத்தைக் குறைக்கவும் வேணாம், சக்தி காணாட்டி உடம்பு புரோட்டீனை எரிச்சிடும், அப்ப மீன் சாப்பிட்டும் பிரயோசனமில்ல.

கிட்னி வருத்தம் உள்ள ஆக்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்ல. அவங்க கிளினிக்கில டொக்டர்ட்டக் கேட்டுத்தான் கூட்டணும்.

கேள்வி: ஒன்லைனில விக்கிற கொலாஜன் பவுடர் வாங்கலாமா?

காசு கூடினா வாங்குங்க. வயித்துக்குள்ள போனதும் கொலாஜனைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சுத்தான் உடம்பு எடுக்கும், அது நேரா காயத்தில போய் ஒட்டாது. அந்தக் காசுக்கு எத்தினை முட்டை எண்டு பாருங்க.

கேள்வி: எங்கட வாப்பாக்கு சீனி வருத்தம், காலில சின்னக் கொப்புளம் மாதிரி வந்தது, மாசக்கணக்கா ஆறல்ல. ஏன் இப்பிடி?

ஒரு காரணம் இல்ல, நாலஞ்சு சேர்ந்து வாறது. சீனி கூடினா கால் நரம்பு மரத்துப் போகும், அதனால செருப்புக்குள்ள கல் இருந்தாலும் தெரியாது, நொந்தாத்தானே நாம காலைத் தூக்குவம். ரத்தக் குழாய் சுருங்கும், சாப்பாடும் ஒட்சிசனும் காலடிக்குப் போகாது. வெள்ளையணு மந்தமாகும், கிருமிக்கு வசதி. புரோட்டீன் பக்கத்துக் கதை இன்னும் மோசம், ரத்தத்தில கூடின சீனி போய் கொலாஜனிலயே ஒட்டிக்கொள்ளும், அப்ப அது விறைச்சுப் போகும், வளையாது. அதோட நான் மேல சொன்ன வெட்டுப் புரோட்டீன் எம்எம்பி, அது அளவா இருந்தாத்தான் நல்லது, சீனிப் புண்ணில அது அடங்காம வெட்டிக்கொண்டே இருக்கும், பைப்ரோபிளாஸ்ட் கட்டக் கட்ட இது அறுக்கும், கூப்பிடு புரோட்டீனையும் சேர்த்து அறுத்துடும். அதனாலதான் புண் மாசக்கணக்கா வீக்கக் கட்டத்திலயே நிக்கும், அடுத்ததுக்குப் போகாது.

வாப்பாக்கு நீங்க செய்ய வேண்டியது சீனியைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வாறது முதலாவது, வெறும் வயித்துச் சீனி மட்டும் இல்ல, எச்பிஏ1சி எண்டு மூண்டு மாசக் கணக்குக் காட்டுற டெஸ்ட் ஒண்டு இருக்கு, அதைப் பாருங்க. ரெண்டாவது அந்தக் காலில பாரம் ஏத்தக் கூடாது, இது மருந்தை விடப் பெரிசு, குதியில புண்ணை வெச்சுக்கொண்டு அஞ்சு நேரமும் பள்ளிக்கு நடந்து போய் வந்தா எந்த மருந்து கட்டினாலும் ஆறாது, புண் ஆறுமட்டும் வீட்டில கதிரையில இருந்து தொழட்டும். செத்த சதை இருந்தா டொக்டர் வெட்டி எடுப்பார், பயப்பட வேணாம், மஞ்சளாக் கறுப்பா ஒட்டிக் கிடக்கிறதை எடுக்காம அடியில சிவப்பு வராது. ராவில காலைத் திருப்பிப் பாக்க அவருக்குக் கஸ்டமெண்டா கீழ ஒரு முகக்கண்ணாடியை வெச்சுக் காட்டுங்க. வெறுங்காலோட வளவுக்கும் இறங்க வேணாம், எங்கட மண்ணிலயும் வயல் தண்ணியிலயும் மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தைத் தாற ஒரு கிருமி இருக்கு, சீனிக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும், எலிக்காய்ச்சல் கிருமியும் காலில இருக்கிற வெடிப்பால உள்ள போகும்.

கேள்வி: கோப்பித்தூள், மஞ்சள், தேன், பப்பாசிப் பால், கப்சூல் தூள், இதில எது நல்லம்?

கோப்பித்தூளும் கப்சூல் தூளும் வேணவே வேணாம், கழுவி எடுக்க எனக்கு அரை மணித்தியாலம் போகும், கழுவும்போது புதுச் சதையும் போகும். கப்சூல் உள்ளுக்குக் குடிக்கத்தான் செஞ்சது. பற்பசையை நெருப்புச் சுட்ட இடத்தில பூசாதீங்க, பைப்பைத் திறந்து 20 நிமிசம் ஓடுற தண்ணியில பிடிங்க, அதான் மருந்து. டெட்டோலைத் தண்ணி கலக்காம ஊத்தினா கிருமியோட சேர்த்து பைப்ரோபிளாஸ்டும் சாகும். மஞ்சள் கறிக்குப் போடுங்க.

தேன் வேற மாதிரி. அதில குளுக்கோஸ் ஒக்சிடேஸ் எண்டு தேனீ சேர்க்கிற ஒரு புரோட்டீன் இருக்கு, ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமா ஹைட்ரஜன் பெரொக்சைட் வரும், கிருமி வளராது. ஆசுபத்திரிப் பாவனைக்குச் சுத்தம் செஞ்ச தேன் வேற நாடுகளில டிரெசிங்காவே விக்குது. ஆனா போத்தலில ரோட்டோரம் வாங்கின தேனில சீனிப்பாகு எவ்வளவு எண்டு ஆருக்குத் தெரியும், கிருமியிண்ட வித்தும் இருக்கலாம், திறந்த புண்ணில ஊத்தாதீங்க. பப்பாசிப் பாலில பப்பெயின் இருக்கு, இறைச்சி அவிக்கக்க மெதுவாக்கப் போடுறமே அதே சாமான், செத்த புரோட்டீனைக் கரைக்கிறது உண்மை, சுத்தியிருக்கிற நல்ல தோலையும் எரிச்சுடும், அதனால வீட்டில வேணாம்.

கேள்வி: வாவியில கெளுத்தி முள்ளுக் குத்திட்டு, உயிர் போற நோவு. என்ன செய்யிறது?

சுடுதண்ணி. கெளுத்தி, திருக்கை ரெண்டிலயும் முள்ளில இருக்கிற விசம் புரோட்டீன்தான், சூட்டில அது உருக்குலைஞ்சு வேலை செய்யாமப் போகும், முட்டை அவிச்சா வெள்ளைக் கரு திரும்பப் பழையபடி வராதுதானே. தாங்கக் கூடிய சூட்டில, 45 பாகைக்கு மேல போகாம, அரை மணியில இருந்து ஒண்டரை மணித்தியாலம் வரை காலை வையுங்க. சூட்டைக் குத்து வாங்கின ஆள் பாக்கக் கூடாது, நோவில அவருக்குத் தெரியாது, பக்கத்தில நிக்கிற ஆள் தன்ட கையை விட்டுப் பாக்கணும், இல்லாட்டி விசத்தோட சேர்த்து தோலும் அவிஞ்சு போகும். முள்ளு உடைஞ்சு உள்ள நிண்டா கிளறாதீங்க, வாங்க. திருக்கை நெஞ்சிலயோ வயித்திலயோ குத்தி நிண்டா இழுக்கவே கூடாது, அப்பிடியே கொண்டு வாங்க.

உவர்த் தண்ணியில பட்ட காயத்தைக் கொஞ்சம் கூடக் கவனிக்கணும், விப்ரியோ எண்டு ஒரு கிருமி அதில வாழும், சீனி, ஈரல் வருத்தம் உள்ள ஆக்களுக்கு ஒரு நாளுக்குள்ளயே கால் கறுத்துக் கொப்புளிக்கும். அப்பிடித் தெரிஞ்சா விடிய வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

கேள்வி: அக்கா, காது குத்தின இடத்தில கட்டி மாதிரித் தடிச்சு வளருது. புற்றுநோயா?

இல்ல தங்கச்சி, அது கீலோய்டா இருக்கும். போதும் நிப்பாட்டு எண்டு சொல்ல வேண்டிய சைகை வேலை செய்யாம, டிஜிஎப் பீட்டா கூடிப் போய், கொலாஜன் அளவுக்கு மிஞ்சி வாறது, காயத்திண்ட எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்கும் பரவும். எங்கட நிறத்து ஆக்களுக்கு இது கூடுதலா வரும், காது, நெஞ்சு, தோள்மூட்டு இந்த இடங்களில. வெட்டி எறிஞ்சாப் போகும் எண்டு நினைக்காதீங்க, வெட்டினதும் ஒரு காயம்தானே, திரும்பப் பெரிசா வரும். தோல் டொக்டர்ட்டக் காட்டினா ஸ்டிரொயிட் ஊசி, சிலிக்கன் ஷீட் எண்டு வழி இருக்கு. ஒரு காதில வந்த ஆக்கள் மற்றக் காதில ரெண்டாம் ஓட்டை போட வேணாம்.

கேள்வி: காயத்தை ஆத்துற புரோட்டீனையே நேரடியாப் பூச ஏலாதா?

ஏலும், செஞ்சிருக்கிறாங்க. எலிக்குட்டிக்கு ஒரு சுரப்பிச் சாறை ஊசியாப் போட்டப்ப கண்ணிமை நேரத்துக்கு முதல் திறந்ததைக் கண்டுதான் ஸ்டான்லி கோஹன் இஜிஎப் எண்டுற வளர்ச்சிப் புரோட்டீனைப் பிடிச்சார், 1986இல ரீட்டா லெவி மொன்டால்சினியோட சேர்த்து நோபல் பரிசு குடுத்தாங்க. பிடிஜிஎப்பை ஆய்வுகூடத்தில செஞ்சு பெகாப்ளர்மின் எண்டு ஒரு ஜெல்லா சீனிக்காரர்ட கால் புண்ணுக்கு 1997இல அமெரிக்காவில அனுமதிச்சாங்க. விலை கூட. அதோட எம்எம்பி அடங்காத புண்ணில எதைப் பூசினாலும் அது அறுத்துப் போட்டுடும், ஆகச் சீனியும் செத்த சதையும் பாரமும் சரியாகாம ஜெல் மட்டும் பூசிப் பிரயோசனம் குறைவு.

கேள்வி: நாய் நக்கினா காயம் ஆறும் எண்டுறாங்களே?

எச்சிலில ஆத்துற புரோட்டீன் கொஞ்சம் இருக்கு, அது உண்மை. நாயிண்ட எச்சிலில விசர்நாய்க் கிருமியும் இருக்கலாம். திறந்த காயத்தை நாய் நக்கினா சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு உடனே வாங்க, ஊசி போடணுமா எண்டு டொக்டர் சொல்வார்.

கேள்வி: ஆணி குத்தினா ஏற்பு ஊசி எல்லா முறையும் போடணுமா?

ஏற்பு வலி, அதான் டெட்டனஸ், வாறதும் ஒரு புரோட்டீனாலதான், கிருமி விடுற நஞ்சு நரம்புக்குள்ள போய் தசையைத் தளர விடாமச் செய்யும், வாய் பூட்டிக்கொள்ளும். ஊசியில இருக்கிறது அதே நஞ்சைப் பழுதாக்கி எடுத்தது, உடம்பு அதைப் பாத்துப் பழகி எதிர்ப்புப் புரோட்டீன் செஞ்சு வெச்சிருக்கும். சின்ன வயசில ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்ட ஆளுக்கு, சுத்தமான சின்னக் காயமெண்டா கடைசி ஊசி போட்டு பத்து வருசத்துக்குள்ள திரும்பத் தேவையில்ல, மாட்டுச் சாணம், வயல் சேறு, துருப்பிடிச்ச ஆணி எண்டா அஞ்சு வருசம் தாண்டியிருந்தாலே போடுவம். கனபேர் கடைசியா எப்ப போட்ட எண்டு தெரியாம வந்து நிப்பாங்க, போட்ட துண்டைக் கிளினிக் கொப்பிக்குள்ள ஒட்டி வெச்சிட்டு வரும்போது கொப்பியையும் கொண்டு வாங்க.